அயல்மொழி எக்செலில் மேக்ரோ: சோதனை நாட்குறிப்பு

மார்ச் 3

ஆங்கில எக்செலில் எழுதிய கணக்கு மேக்ரோக்கள் (எக்செல் வேலைகளைத் தாமே செய்து முடிக்கும் சிறு நிரல்கள்) இனி ஜெர்மன், பிரெஞ்சு பதிப்புகளிலும் ஓட வேண்டுமாம். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நிரலில் குறிப்புரை என்று ஒரு வரிகூட இல்லை.

மொழித் தொகுப்பை நிறுவி இடைமுகத்தை மட்டும் ஜெர்மனுக்கு மாற்றினேன். விண்டோஸின் வட்டார அமைப்பை வேண்டுமென்றே தொடவில்லை. செயற்கூறுகளின் பெயர்கள் இடைமுக மொழியைப் பொறுத்தவை. தசமக் குறி, பட்டியல் பிரிப்பான், தேதி வரிசை ஆகியவை விண்டோஸைப் பொறுத்தவை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதை உடைத்தது என்று கடைசிவரை தெரியாது.

முதல் ஓட்டம் தொடக்கத்திலேயே பிழை எண் 9 காட்டி நின்றது. புதிய பணிப்புத்தகத்தில் ‘ஷீட்1’ஐத் தேடுகிறது, அங்கே இருப்பதோ ‘டபெல்லெ1’. தாளைப் பெயரால் அழைக்காமல் வரிசை எண்ணால் அழைத்ததும் சரியாயிற்று.

மார்ச் 4

சூத்திரங்கள் நான் பயந்த அளவுக்குப் படுத்தவில்லை. ‘ஃபார்முலா’ என்ற பண்பு எந்த மொழிப் பதிப்பிலும் ஆங்கிலப் பெயரையும் காற்புள்ளியையும்தான் கேட்கிறது. நிரல் ‘சம்’ என்று எழுதுகிறது, செல்லில் ‘சும்மெ’ என்று தெரிகிறது. 1993இல் வந்த எக்செல் 5இல் நிரல்மொழியையே ஜெர்மனில் எழுத முடிந்தது. எக்செல் 97 முதல் அந்த நிரல்மொழி, அதாவது வி.பி.ஏ., ஆங்கிலத்தில் மட்டுமே. அந்தப் பழைய ஏற்பாட்டைக் கைவிட்டவர்களுக்குப் புண்ணியம்.

நிபந்தனை வடிவமைப்பு, அதாவது மதிப்பைப் பொறுத்து செல்லின் தோற்றத்தை மாற்றும் வசதி, மட்டும் இந்த ஒழுங்குக்குள் வராது. அதற்குக் கொடுக்கும் சூத்திரம் பயனரின் மொழியில், அவருடைய பிரிப்பானோடு இருக்க வேண்டும். ஒரு காலி செல்லில் ‘ஃபார்முலா’ வழியாக ஆங்கிலச் சூத்திரத்தை எழுதி, பயனரின் மொழியில் காட்டும் ‘ஃபார்முலாலோக்கல்’ வழியாகத் திரும்பப் படித்து, அந்த எழுத்துச் சரத்தைக் கொடுத்தேன். சுற்றுவழிதான். ஆனால் மொழிபெயர்ப்பு அட்டவணை ஒன்றை நானே கட்டிக் காப்பதைவிட எக்செலையே மொழிபெயர்க்க விடுவது மேல்.

மார்ச் 6

இன்று வட்டார அமைப்பையும் ஜெர்மனிக்கு மாற்றினேன்.

உள்ளே வரும் உரைக்கோப்பில் எடை 1.234 என்று இருக்கிறது, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நிரல் அதை ‘சிடிபிள்’ கொண்டு எண்ணாக மாற்றுகிறது. ஜெர்மன் அமைப்பில் புள்ளி என்பது ஆயிரப் பிரிப்பான். எனவே விடை 1234. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ‘இது எண்தானா’ என்று முன்கூட்டியே கேட்கும் ‘இஸ்நியூமெரிக்’கும் ஆமாம் என்று தலையாட்டுகிறது. அறிக்கை அழகாக, எல்லைக்கோடுகளோடு முடிந்தது. மொத்தம் மட்டும் ஆயிரம் மடங்கு.

‘வால்’ என்ற செயற்கூறு இதற்கு நேர்மாறு: எந்த வட்டாரத்திலும் புள்ளியை மட்டுமே தசமக் குறியாக ஏற்கும். அதனிடம் 1,5 கொடுத்தால் காற்புள்ளியில் நின்றுவிட்டு 1 என்கிறது. ஆகவே கோப்பிலிருந்து வருவதை ‘வால்’ படிக்க வேண்டும், பயனர் தட்டச்சு செய்வதை ‘சிடிபிள்’ படிக்க வேண்டும். இந்த நிரலில் இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன.

நின்றுபோகும் மேக்ரோவின் மீது எனக்குக் கோபமே வருவதில்லை. இது மாதிரி சிரித்துக்கொண்டே பொய் சொல்வதுதான் ஆபத்து. இனி மேக்ரோ நிற்காமல் ஓடினால் மட்டும் போதாது. ஆங்கிலப் பதிப்பின் விடைகளைச் சேமித்து வைத்து, ஒவ்வொரு செல்லாக ஒப்பிடப் போகிறேன்.

மார்ச் 7

ஒப்பீடு உடனே பலன் தந்தது. கோப்புப் பெயரில் சேர வேண்டிய தேதி ‘ஒய்ஒய்ஒய்ஒய்-04-டிடி’ என்று வந்திருந்தது. மாதம் மட்டும் தப்பித்திருக்கிறது, ஏனென்றால் மாதத்துக்கு ஜெர்மனிலும் ‘எம்’தான். ஆண்டுக்கு அங்கே ‘ஜே’, நாளுக்கு டேவிட்டின் ‘டி’ இல்லை, தாமஸின் ‘டி’. தேதியை எழுத்தாக்க செல்லில் உள்ள ‘டெக்ஸ்ட்’ செயற்கூறின் பெயரை எக்செல் மொழிபெயர்க்கும். மேற்கோளுக்குள் இருக்கும் வடிவக் குறியைத் தொடாது. வி.பி.ஏ.வின் ‘ஃபார்மேட்’ எங்கும் ஆங்கிலக் குறிகளையே ஏற்பதால் வேலையை அதற்கு மாற்றினேன். அதிலும் சாய்கோடு போட்டால் வட்டாரப் பிரிப்பானாக, இங்கே புள்ளியாக, மாறிவிடும். சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்டுக்கொண்டேன்.

மார்ச் 10

பிரெஞ்சு. சரத்தைச் செல் முகவரியாகப் படிக்கும் ‘இன்டைரக்ட்’ செயற்கூறுக்குள் வரிசை, நெடுவரிசை முகவரியைச் சரமாக வைத்திருந்த இடமெல்லாம் உடைந்தது. மேற்கோளுக்குள் இருப்பதை எக்செல் மொழிபெயர்க்காது என்பதால் எதிர்பார்த்ததுதான். தேடல் தோற்றதா என்று பார்க்கும் வரி பிரெஞ்சில் ஓடுகிறது, ஜெர்மனில் ஓடவில்லை. காரணம், செல்லில் தெரியும் பிழை எழுத்தை ஆங்கில எழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். பிரெஞ்சுப் பதிப்பு தற்செயலாக அதே எழுத்தைக் காட்டுகிறது, ஜெர்மன் பதிப்பு ‘என்வி’ என்கிறது. பிழையை அதன் எண்ணான 2042 கொண்டு கேட்கும்படி மாற்றினேன்.

ஆயிரப் பிரிப்பானாகப் பிரெஞ்சில் இடைவெளி வருகிறது. அது நாம் தட்டும் சாதாரண இடைவெளி அன்று. வரி முறியாமல் பிடித்துவைக்கும் வேறோர் எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இடைவெளியை நீக்கும் வரி அதைத் தொடாமல் போய்விடுகிறது.

மார்ச் 12

செய்திகளைத் தமிழிலும் காட்ட முடியுமா என்று ஒருவர் கேட்டார். வி.பி.ஏ. எடிட்டர் யுனிகோடு அறியாது, கணினியின் பழைய எழுத்துப் பக்கத்தையே, அதாவது எழுத்துகளின் பழைய எண் அட்டவணையையே, நம்புகிறது. தமிழுக்கு அப்படி ஒரு பக்கமே இல்லை. ஒட்டினால் கேள்விக்குறிகள்தாம். யுனிகோடு எண்ணான 2949ஐக் கொடுத்து ‘அ’வை உருவாக்கலாம். ஆனால் ஒரு முழு வாக்கியத்தை அப்படி எழுதச் சொல்பவர் முதலில் தாமே எழுதிக் காட்ட வேண்டும். செய்திகளை மறைத்த தாள் ஒன்றின் செல்களில் வைத்தேன். அங்கே தமிழ் சரியாக நிற்கிறது. ‘மெசேஜ் பாக்ஸ்’ அதையும் கேள்விக்குறியாக்குவதால் படிவம் ஒன்றின் லேபிளில் காட்டுகிறேன். படிவத்தின் தலைப்புப் பட்டை இன்னும் அடம்பிடிக்கிறது. அதைக் காலியாக விட்டுவிட்டேன்.