சமயநல்லூர் தொகுதி எங்கே போனது? பழைய வாக்காளர் பட்டியலில் வீட்டாரைத் தேடிய அனுபவம்

2025 நவம்பரில் எங்கள் தெருவுக்கு எஸ்ஐஆர் படிவம் வந்தது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்பது முழுப்பெயர். அங்கன்வாடி டீச்சர்தான் எங்கள் பகுதிக்கு பிஎல்ஓ, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். வீடு வீடாக வந்து ஆளுக்கு இரண்டு பிரதி கொடுத்தார். மேல்பாதியில் பெயர், போட்டோ, வாக்காளர் அட்டை எண், பாகம் எண் (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியலின் எண்) எல்லாம் அச்சாகியே இருந்தன. கீழ்ப்பாதிதான் எல்லாரையும் திணறடித்தது. தமிழ்நாட்டில் இதற்கு முன் இப்படி ஒரு தீவிரத் திருத்தம் நடந்தது 2002-ல். சில தொகுதிகளுக்கு 2005-ல். அந்தப் பட்டியலில் நம் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். மாவட்டம், தொகுதியின் பெயர், தொகுதி எண், பாகம் எண், வரிசை எண் எல்லாம் வேண்டும்.

பட்டியல்கள் இணையத்தில் இருந்தன. ஆனால் மாவட்டத்துக்கு அடுத்தபடியாக அந்த இணையதளம் கேட்பதே தொகுதியைத்தான். அங்கேதான் எங்கள் தெரு மொத்தமும் நின்றுவிட்டது.

எங்கள் கிராமம் மதுரைக்கு வடக்கே, நகரை ஒட்டி இருக்கிறது. இப்போது மதுரை கிழக்குத் தொகுதி, எண் 189. அதனால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் பழைய பட்டியலிலும் மதுரை கிழக்கைத்தான் திறந்தார்கள். அந்தப் பெயரில் ஒரு தொகுதி அங்கே இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்தப் பாகத்தைத் திறந்தாலும் நகரத்துத் தெருக்கள். எங்கள் ஊரின் பெயரே கிடையாது. "பேரை எடுத்துட்டாங்களா?" என்று சிலர் பயந்துபோனார்கள். மனைப் பத்திரம், ரேஷன் அட்டை எல்லாம் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே போனவர்களும் உண்டு.

யாரும் பெயரை எடுக்கவில்லை. எல்லைதான் நகர்ந்திருந்தது.

1976-ல் வரைந்த தொகுதிகளை வைத்துத்தான் 1977 முதல் 2006 வரை எட்டு சட்டமன்றத் தேர்தல்களை நடத்தினார்கள். பிறகு நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளைத் திருத்தி வரைந்தது. 2008-ல் அது நடைமுறைக்கு வந்தது. 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டமன்றத் தேர்தலும் புதிய எல்லைப்படி நடந்தன. 234 என்ற எண்ணிக்கை மாறாததால் பலருக்கு இது உறைக்கவே இல்லை. ஆனால் உள்ளுக்குள் நிறைய மாறியது. மதுரை மாவட்டத்தில் மட்டும் சமயநல்லூர், சேடபட்டி என்று இரண்டு தொகுதிகள் காணாமல் போயின. மதுரை வடக்கு, மதுரை தெற்கு என்று இரண்டு புதிதாக வந்தன. மதுரை கிழக்கு, மதுரை மேற்கு என்ற பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன; அவற்றுக்குள் இருந்த ஊர்கள் மாறிவிட்டன. ஒரு தொகுதி ஒழிந்துபோனால்கூடத் தேடுகிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும். பழைய பெயரே வேறோர் இடத்துக்குப் போய்விட்டால் சந்தேகம் எப்படி வரும்?

எங்களுக்கு வழி காட்டியது என் மாமியாரின் ஞாபகம்தான்.

"அத்தை, அந்தக் காலத்துல எந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"தொகுதியெல்லாம் யாரு கண்டா? தமிழரசி ஜெயிச்சு மந்திரி ஆனாங்கள்ல, அந்த எலெக்சன்லயும் இதே பள்ளிக்கூடத்துலதான் போட்டேன்" என்றார்.

அது போதுமானதாக இருந்தது. திமுகவின் தமிழரசி 2006-ல் வென்றது சமயநல்லூர் தனித்தொகுதியில் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தொகுதி). ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சராகவும் ஆனார். பழைய எல்லைப்படி நடந்த கடைசித் தேர்தல் அது. அப்போது இந்த ஊர் சமயநல்லூரில் இருந்ததென்றால், 2002-லும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் எல்லை மாறவில்லை. சமயநல்லூரைத் திறந்து வாக்குச்சாவடிப் பட்டியலைப் பார்த்தோம். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் பெயர் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, தொகுதிதான் மாறிப்போயிருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்ப்பது தனி வேலை. தாளை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள். சில பக்கங்கள் சாய்ந்திருந்தன, சிலவற்றில் மை மங்கியிருந்தது. தெருவாரியாக, கதவு எண் வரிசையில் பெயர்கள். கதவு எண் இடையில் மாறிவிட்டதால் அதை நம்ப முடியவில்லை. தெருப்பெயரைப் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயரைப் பார்த்துக்கொண்டே வந்தோம். "இது மளிகைக்கடை அண்ணன், இது அவங்க அம்மா, அப்ப அடுத்தது நம்ம வீடுதான்" என்று என் கணவர் விரலை வைத்த இடத்தில் அத்தையின் பெயர் இருந்தது. கணவர் பெயர் என்ற இடத்தில் மாமாவின் பெயர், பெண் என்பதற்கு 'பெ', அப்புறம் வயது. அட்டை எண்ணும் இப்போது இருப்பது போல் இல்லை. டிஎன் என்று தொடங்கி நடுநடுவே சாய்கோடு போட்ட நீளமான பழைய எண். அந்த எண் இப்போதைய அட்டையோடு ஒத்துப்போகவில்லையே என்று அத்தை கவலைப்பட்டார். பழைய அட்டை மாறிய எல்லாருக்கும் அப்படித்தான் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

தேடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர் முதன்மைப் பட்டியலில் இல்லையென்றால் அதே கோப்பின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பிறகு சேர்த்தவர்களின் துணைப்பட்டியல் அங்கே இருக்கும். என் கொழுந்தனார் பெயர் அங்கேதான் கிடைத்தது.

அடுத்து என் படிவம். 2002-ல் எனக்கு ஓட்டுப்போடும் வயது ஆகவில்லை. அதனால் என் அப்பாவின் விவரத்தை எழுத வேண்டும். என் பிறந்த வீடு மதுரை நகரின் கிழக்குப் பக்கம். இப்போது அது மதுரை தெற்குத் தொகுதி. பழைய பட்டியலில் மதுரை தெற்கு என்றொரு தொகுதியே கிடையாது. அப்பா இன்று இல்லை, கேட்கவும் முடியாது. ஆனால் அவர் நன்மாறன் பேசும் கூட்டம் என்றால் என்னையும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவார். எங்கள் எம்எல்ஏ என்று பெருமையாகச் சொல்வார். மார்க்சிஸ்ட் கட்சியின் நன்மாறன் 2001-லும் 2006-லும் வென்றது மதுரை கிழக்கில். அதே தொகுதியில் அவருக்கு முன் 1977, 1980 தேர்தல்களில் வென்றவர் என். சங்கரய்யா. ஆக, மாமியார் ஊர்க்காரர்கள் திறந்து திறந்து ஏமாந்த அந்தப் பழைய மதுரை கிழக்கில்தான் என் அப்பா இருந்தார்.

நான் இப்போது வசிக்கும் தொகுதிக்கும் அப்பா வாக்களித்த தொகுதிக்கும் ஒரே பெயர். இரண்டும் வெவ்வேறு நிலம். படிவத்தில் மேலே 189 மதுரை கிழக்கு என்று அச்சாகியிருக்க, கீழே பழைய மதுரை கிழக்கையும் அதன் பழைய எண்ணையும் எழுதினேன். இதைச் சரிபார்த்த ஒருவர் இரண்டு எண்ணும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டார். பழைய பட்டியலின் முதல் பக்கத்தை அச்செடுத்துக் காட்டியதும் ஏற்றுக்கொண்டார். முதல் பக்கத்தில் தொகுதி எண், பெயர், பாகம் எண், வாக்குச்சாவடி எல்லாம் இருக்கும். உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தோடு இதையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் தெருவில் அதிகம் அலைந்தவர்கள் என்னைப் போல வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள்தான். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். பெண்களுக்கு இப்போதைய தொகுதி ஒன்று, பிறந்த வீட்டின் பழைய தொகுதி வேறொன்று, அதுவும் ஒழிந்துபோன தொகுதியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவின் பிறந்த ஊர் இப்போது உசிலம்பட்டித் தொகுதியில் இருக்கிறது. பழைய உசிலம்பட்டியில் தேடிப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். "உங்க ஊர்ல அப்ப யாருக்கா எம்எல்ஏ?" என்று கேட்டதற்கு, "எங்களுக்கு எப்பவும் சேடபட்டி முத்தையாதானே" என்றார். சட்டப்பேரவைத் தலைவராக இருந்த சேடபட்டி முத்தையா பலமுறை வென்ற அந்தச் சேடபட்டித் தொகுதியைத் திறந்ததும் அக்காவின் அம்மா பெயர் கிடைத்துவிட்டது. அப்புறம் யார் வந்தாலும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டோம்: 2001-லோ 2006-லோ உங்கள் ஊரில் ஜெயித்தது யார்? தொகுதியின் பெயரை மறந்தவர்கள்கூட ஜெயித்தவரை மறப்பதில்லை.

இந்தக் கேள்வி கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்தல் ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் இப்போதைய மதுரை கிழக்கில் 2016, 2021 இரண்டிலும் வென்றவர் பி. மூர்த்தி. அவரே 2006-ல் சோழவந்தானில் வென்றவர். ஆண்டு இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஊர் மாறிவிடும்.

மறுவரையறை ஆணையையும் எடுத்துப் படித்தேன். கிராமங்களுக்கு அது உதவியது, ஏனென்றால் வட்டம் வாரியாக ஊர்ப்பெயர்களை அடுக்கியிருக்கிறார்கள். நகரப் பகுதிக்கு வார்டு எண்தான். அந்த எண்கள் மதுரை மாநகராட்சியில் 72 வார்டு இருந்த காலத்தவை. 2011-ல் அது 100 வார்டாகிவிட்டது. இப்போதைய வார்டு எண்ணை வைத்துக்கொண்டு அந்த ஆணையில் தேடினால் எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும்.

படித்தபோது என்னை அதிகம் உறுத்தியது வேறு. சமயநல்லூர் தனித்தொகுதி ஒழிந்தது, பொதுத்தொகுதியாக இருந்த சோழவந்தான் தனித்தொகுதி ஆனது. எங்கள் ஊர்க் காலனி மக்கள் பல தேர்தல்களாகத் தங்கள் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைத்தான் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2011-ல் அது நின்றுபோனது. இது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தனித்தொகுதிகள் இடம் மாறுவதற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் நடந்தபோது எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாமல், 2011-ல் வாக்குச்சாவடியில் பெயர்கள் மாறியிருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்க அமர்வு நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றத்தில்கூடக் கேள்வி கேட்பது மிகவும் கடினம். பேச வேண்டியதை வரைவு வந்திருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

மறுபடியும் அந்த நேரம் நெருங்குகிறது. தொகுதிகளின் எண்ணிக்கையை மாற்றக் கூடாது என்ற தடை, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரைக்கும்தான். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் எத்தனை இடம் குறையும் என்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். அதோடு உள்ளூர் எல்லை எப்படி நகரும் என்பதையும் கவனிக்க வேண்டும். சோழிங்கநல்லூரில் 2021-லேயே வாக்காளர்கள் ஆறரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கீழ்வேளூர் போன்ற தொகுதிகளில் இரண்டு லட்சம்கூட இல்லை. கோடுகள் நகராமல் இருக்கப்போவதில்லை.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. அடுத்த முறை எல்லை மாறும்போது, ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் பழைய தொகுதி எது, பழைய பாகம் எண் எது என்று ஒரு பக்க அட்டவணையை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். எங்கள் தெருவுக்கு அப்படி ஒன்றை நாங்களே ஒரு நோட்டில் போட்டோம். வீட்டுப் பெயர், இப்போதைய பாகம், பழைய தொகுதி, பழைய பாகம், வரிசை எண். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவுக்கும் போடச் சொன்னார். அந்தத் தெருப் பெண்களும் வந்து உட்கார்ந்து பிறந்த ஊரையும் அந்தக் காலத்து எம்எல்ஏ பெயரையும் சொன்னார்கள்.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. எங்கள் வீட்டில் எல்லார் பெயரும் இருந்தது. மேற்கே மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்தின் பெயர்கள் இல்லை. அவர்கள் புதிய முகவரியில் சேர்வதற்குப் படிவம் 6 எழுதிக் கொடுத்தார்கள். நோட்டு இப்போது டீச்சரிடம் இருக்கிறது, அதன் போட்டோக்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன.