பருப்புத் தண்ணீர் விடாத பீர்: மூன்றாவது ஈடு

ஆல்கஹாலைப் பாதியாக்கி நான் வீட்டில் காய்ச்சிய பீரின் பாட்டில்கள் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அலமாரியில் மூன்று வாரம் கிடந்தன. நேற்று சாயங்காலம் திறந்து, குடித்து, மதிப்பெண்ணும் போட்டாயிற்று. எவ்வளவு என்பது பிறகு. முதல் இரண்டு ஈடும் எங்கே சொதப்பின என்று இப்போதே எழுதி வைக்காவிட்டால் அடுத்த மாதம் எனக்கே மறந்துபோகும்.

இங்கிலாந்தில் இருக்கும் ஷெஃபீல்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த நாட்டில் சொந்தக் குடிப்புக்கு பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. 1963இல் அப்போதைய நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். விற்கத்தான் கூடாது. எனக்குப் பிடித்தது அமெரிக்க பாணி ஆம்பர் ஏல் என்ற பீர் வகை: செந்நிறம், அடியில் கேரமல், மேலே ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் வாசனை. போட்டி நடுவர்களுக்கான பிஜேசிபி வழிகாட்டி இந்த வகைக்கு 4.5 முதல் 6.2 சதவீதம் ஆல்கஹால் என்கிறது. எனக்கோ காலை ஆறு மணிக்கு ஷிப்ட். 5 சதவீத பீர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி குடித்தால் 2.8 யூனிட் (இங்கே ஆல்கஹாலைக் கணக்கிடும் அளவு). அதுவே 2.5 சதவீதமாக இருந்தால் 1.4. ருசி குறையாமல் பாதியாக்க முடியுமா என்பதுதான் பிப்ரவரியில் ஆரம்பித்த இந்தக் கூத்து.

கடையில் கிடைக்காததா என்று கேட்கலாம். 2023 ஆகஸ்டில் பிரிட்டனில் மது வரி மாறியது. 3.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வரி குறைவு. அதிலிருந்து 3.4 சதவீத பீர் நிறையக் கண்ணில் படுகிறது. ஆனால் நான் வாங்கிப் பார்த்தவற்றில் பாதி, வழக்கமான பீரில் யாரோ தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது.

முதல் ஈட்டில் நானும் அதையேதான் செய்தேன். இருந்த 5 சதவீதக் குறிப்பை எடுத்து மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) மட்டும் குறைத்தேன். பத்து லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ, 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல். ஹாப்ஸ் அளவை மாற்றவில்லை. கணக்குப்படி கசப்பு 48 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு). அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் (ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும்) தொடக்கத்தில் 1.031, முடிவில் 1.006 காட்டியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால், ஏறக்குறைய 3.3 சதவீதம். குடித்தால் வாயில் ஒன்றுமே நிற்கவில்லை. கசப்பு மட்டும் பாகற்காயை உப்புப் போட்டுப் பிழியாமல் அப்படியே வதக்கியது போல நாக்கின் அடியில் உட்கார்ந்துகொண்டது.

என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "பருப்புத் தண்ணி விடாத ரசம் மாதிரி இருக்குங்க. மிளகு மட்டும் தொண்டையில நிக்குது" என்றாள்.

நான் இரண்டு மாதம் புத்தகங்களில் தேடியதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். மிளகைக் கூட்டுவதா குறைப்பதா என்பதல்ல விஷயம், அதன் பின்னால் என்ன நிற்கிறது என்பதுதான். 48 ஐபியு 6 சதவீத பீரில் சுகமாக இருக்கும், ஏனென்றால் அங்கே தாங்குவதற்கு மால்ட் இருக்கிறது. என் பீரில் பருப்பே இல்லை.

பருப்பு எங்கிருந்து வரும்? மால்ட்டில் மாவுச்சத்தை வெட்டும் நொதிகள் முக்கியமாக இரண்டு. பீட்டா அமைலேஸ் பொடிப்பொடியாக வெட்டும், அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஒரு துளி விடாமல் தின்றுவிடும். ஆல்ஃபா அமைலேஸ் கண்டபடி வெட்டிப் பெரிய துண்டுகளாக விட்டுவைக்கும். டெக்ஸ்ட்ரின் எனப்படும் அந்தத் துண்டுகளை ஈஸ்ட் தொடாது. அவை பீரிலேயே தங்கி வாய்க்குக் கொஞ்சம் கனம் கொடுக்கும். 65 டிகிரியில் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். 70ஐத் தாண்டினால் பீட்டா சீக்கிரமே செத்துப்போகும், ஆல்ஃபா இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஆக, சூட்டைக் கூட்டு.

இரண்டாவது ஈட்டில் ஊறல் 71 டிகிரி. மாரிஸ் ஆட்டர் மால்ட் ஒரு கிலோ, மியூனிக் மால்ட் கால் கிலோ, கிரிஸ்டல் மால்ட் 150 கிராம், அவல் மாதிரித் தட்டிய ரை தானியம் 100 கிராம், செந்நிறத்துக்குச் சாக்லேட் மால்ட் 20 கிராம். ஈஸ்ட் வின்ட்ஸர் என்ற ரகம், மால்டோடிரையோஸ் என்ற சர்க்கரையைத் தின்னாமல் விடுவதற்குப் பேர்போனது. கசப்பு 30 ஐபியு. நொதித்து முடிந்ததும் காஸ்கேட், சிம்கோ என்ற இரண்டு ரக ஹாப்ஸையும் 15 கிராம் வீதம் பீரில் அப்படியே போட்டு நான்கு நாள் ஊறவைத்தேன். ஹைட்ரோமீட்டர் அளவு 1.012. திருப்தியாகப் பாட்டிலில் அடைத்தேன்.

முதல் வாரம் திறந்த பாட்டில் பிரமாதம். இரண்டாவது வாரம் மூடியைத் திறந்ததும் நீரூற்று. சமையலறைக் கூரையில் பழுப்பாக ஒரு வட்டம் இன்னும் இருக்கிறது, வீட்டுக்காரர் வருவதற்குள் வெள்ளையடிக்க வேண்டும். மிச்சம் இருந்ததை நுரை போக ஆற்றி அளந்தால் 1.009. பாட்டிலுக்குள்ளேயே மூன்று புள்ளி இறங்கியிருக்கிறது. பாடுபட்டுச் சேர்த்த பருப்பை யாரோ தின்றிருக்கிறார்கள். கண்ணாடி வெடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். எல்லாப் பாட்டிலையும் துண்டில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டியில் வைத்துத் திறந்தேன்.

குற்றவாளி ஹாப்ஸ். காய்ந்த ஹாப்ஸ் பூவிலும் கொஞ்சம் நொதி இருக்கிறது. கொதிக்கவைத்தால் அது செத்துவிடும். ஆறிய பீரில் பச்சையாகப் போட்டால், ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரினை அது வெட்டிக் கொடுக்கும், ஈஸ்ட் மறுபடி பந்தியில் உட்காரும். இதை ஹாப் க்ரீப் என்கிறார்கள். புதுச் சமாச்சாரம் என்று நினைத்தால், பிரௌன், மோரிஸ் என்ற இருவர் 1893இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். டெக்ஸ்ட்ரினை வேண்டுமென்றே கூட்டி வைத்த என் பீர் மாதிரி ஒன்றுக்கு இது இரட்டை ஆபத்து.

மூன்றாவது ஈட்டில் மால்ட் அதே, ஊறலும் அதே 71. பச்சை ஹாப்ஸை அடியோடு நிறுத்தினேன். அந்த 30 கிராமையும் கொதி நின்று 80 டிகிரிக்கு இறங்கியதும் போட்டு இருபது நிமிடம் மூடி வைத்தேன். அந்தச் சூட்டில் நொதி பிழைக்காது, வாசனை எண்ணெய் ஓரளவு தங்கும். ஷெஃபீல்டுத் தண்ணீர் மென்மையானது, அதனால் என்ன சேர்ப்பது என்பது நம் கையில். கசப்பைக் கூர்மையாக்கும் ஜிப்சத்தை விட்டுவிட்டுக் கால்சியம் குளோரைடு கொஞ்சம் சேர்த்தேன். 1.032இல் ஆரம்பித்து 1.013இல் நின்றது. மூன்று நாள் விட்டு அளந்தாலும் அதே 1.013. ஆல்கஹால் 2.5 சதவீதம். இதற்கும் கீழே 0.5 வரை இறக்க எனக்கு ஆசையில்லை. அவ்வளவு மெலிந்த பீரில் கிருமி வளராமல் பார்த்துக்கொள்ளப் புளிப்புத்தன்மையைச் சரியாகக் கூட்ட வேண்டும், பாஸ்சரைஸ் செய்ய வேண்டும். சமையலறையில் செய்கிற வேலை இல்லை அது.

இனி நேற்றுக்கு வருகிறேன். மூன்று பீர்: கடையில் வாங்கிய 5 சதவீத ஆம்பர், கடையில் வாங்கிய 0.5 சதவீத ஹாப்ஸ் ஏல், என்னுடையது. நிறம் தெரியக் கூடாது என்பதற்காக எவர்சில்வர் டம்ளரில் மனைவி ஊற்றினாள். நாக்கு நானும் பக்கத்து வீட்டுப் பெரியவரும். எழுபது வயது, ஆயுள் முழுக்க பப்பில் மைல்ட் என்ற லேசான பீர் குடித்தவர், 3 சதவீதத்துக்கெல்லாம் அசர மாட்டார். டம்ளரைப் பார்த்ததும் அறுவை சிகிச்சைக்கா என்று கேட்டார்.

பிஜேசிபி தாளில் மொத்தம் 50: வாசனை 12, தோற்றம் 3, ருசி 20, வாயில் கனம் 5, ஒட்டுமொத்தம் 10. தோற்றத்தைத் தள்ளிவிட்டு 47க்குப் போட்டோம்.

முதல் டம்ளரில் வேகாத மால்ட் வாசனை, ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்த மாதிரி. நான் 26, அவர் 22. இரண்டாவதில் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளிய மணம், பின்னால் கொடைக்கானல் பைன் காடு, கேரமல் தாராளம். நான் 37, அவர் 34. மூன்றாவதில் மணம் அடக்கமாக இருந்தது. ஆனால் விழுங்கும்போது கருப்பட்டியும் ரொட்டியின் கருகிய ஓரமும் வந்தன, கசப்பு தோலோடு சப்பிய கிச்சிலிச் சுளை அளவுக்கு வந்துவிட்டு நகர்ந்தது. வாசனை 7, ருசி 14, கனம் 4, ஒட்டுமொத்தம் 7. ஆக 32. அவர் 35.

வாசனைக்கு மயங்கி இரண்டாவதுதான் என்னுடையது என்று அடித்துச் சொன்னேன். அது கடையில் வாங்கிய 5 சதவீதம். என்னுடையது மூன்றாவது. பெரியவர் சிரித்துக்கொண்டே மூன்றாவது பாட்டிலில் மிச்சம் இருந்ததைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டார். பிறகு கண்ணாடி கிளாஸில் பார்த்தபோது நல்ல செம்பு நிறம், லேசான கலங்கல், அதற்கு 2. மொத்தம் 50க்கு 34. பிஜேசிபி கணக்கில் 30 முதல் 37 வரை மிக நன்று.

இன்னொரு சோதனையும் செய்தேன். அலமாரியில் இருந்தவை 12 டிகிரி. ஃப்ரிட்ஜில் வைத்த ஒன்றை 4 டிகிரியில் திறந்தேன். முதல் ஈடு ஞாபகத்துக்கு வந்தது: கருப்பட்டியைக் காணவில்லை, கசப்பு மட்டும். கிளாஸை மேசையில் வைத்துவிட்டு இருபத்தைந்து நிமிடம் கழித்துக் குடித்தால் பருப்பு திரும்பி வந்திருந்தது. ஆக, முதல் ஈட்டை நான் ஐஸ் குளிரில் குடித்தே திட்டியிருக்கிறேன். கொஞ்சம் அநியாயம்தான்.

மனைவியும் மூன்றாவது டம்ளரில் ஒரு வாய் குடித்தாள். "பருப்பு இருக்கு. பெருங்காயம்தான் பத்தல" என்றாள். வாசனைக்கு நான் போட்ட 7ம் அதையேதான் சொல்கிறது. நான்காவது ஈட்டில் ஈஸ்ட் முழுக்க அடியில் படிந்தபின், 3 டிகிரிக் குளிரில், ஒரே ஒரு நாள், பத்து கிராம் காஸ்கேட் மட்டும் பச்சையாகப் போட்டுப் பார்க்கப்போகிறேன். பாட்டில் அடைக்கும் முன் ஒரு புட்டி மாதிரியை வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் வைத்து, ஹைட்ரோமீட்டர் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவை. கூரைக்கு அதுவரை வெள்ளையடிப்பதாக இல்லை.