தூசு வளையம் நிற்குமா? வட்டு நிரலின் மூன்று ஓட்டங்கள்

2014-இல் ஆல்மா ரேடியோ தொலைநோக்கி எடுத்த எச்.எல். டவ் என்ற இளம் விண்மீனின் படத்தில், அதைச் சூழ்ந்த வாயு-தூசு வட்டில் தெரியும் வளையங்கள் ஏன் கரைந்துபோகவில்லை என்று சோதிக்க, ஆரத்தை மட்டும் கணக்கில் கொண்ட நிரலே போதும். பைத்தான் மொழி, அதன் எண்கணக்கு நூலகமான நம்பை இரண்டும் இருந்தால் சரி.

விண்மீனுக்குச் சூரிய நிறை. 1 வானியல் அலகில் (வா.அ., பூமி–சூரியன் தூரம்) வாயுவின் பரப்படர்த்தி செ.மீ²-க்கு 1700 கிராம், ஆரத்தின் −1.5 அடுக்கில் குறையும். வெப்பநிலை அங்கே 280 கெல்வின், அடுக்கு −0.5. தூசு, வாயுவில் நூறில் ஒரு பங்கு. துகளின் ஆரம் 1 மி.மீ., அடர்த்தி செ.மீ³-க்கு 1.6 கிராம். கட்டம் 5 முதல் 100 வா.அ. வரை, மடக்கை அளவில் 300 செல் (துண்டு).

முதல் ஓட்டத்தில் வாயு மேடு பள்ளமின்றி வழுவழுப்பாக இருந்தது. வாயுவை அதன் அழுத்தமும் தாங்குவதால் அது தூசைவிடச் சற்று மெதுவாகச் சுற்றும். அந்த எதிர்காற்றில் தூசு வேகமிழந்து உள்ளே சரியும். 50 வா.அ.-இல் வேகம் விநாடிக்கு 5.6 மீட்டர். 10 வா.அ.-ஐ எட்ட ஏறக்குறைய 1 லட்சம் ஆண்டுதான். வட்டின் ஆயுளோ சில பத்து லட்சம் ஆண்டு. (இருபக்கச் செல்களின் மதிப்பையும் எடுக்கும் மைய வேறுபாட்டு முறை வேண்டாம், அடர்த்தி மைனஸுக்குப் போகும். தூசு வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பையே எடுக்கவும்.)

அடுத்து, 50 வா.அ.-இல் 5 வா.அ. அகலத்தில் ஒரு வாயு மேடு. கோள் வெட்டிய இடைவெளியின் வெளி விளிம்பில் உருவாவதும் இதுபோன்றதே. உயரம் 30 சதவீதம் என்றால் அழுத்தச் சரிவு (அழுத்தம் ஆரத்தின் எந்த அடுக்கில் மாறுகிறது என்பது) −3.25-இலிருந்து −1.9 வரைதான் தணியும்: தூசு நெரிசலாகும், நிற்காது. 150 சதவீதத்தில் மேட்டின் உட்புறம் சரிவின் குறி மாறி, தூசு சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவதில்தான் வம்பு. கொந்தளிப்பால் வரும் பரவலைச் சேர்க்காவிட்டால் தூசு முழுக்க ஒரே செல்லில் குவியும். கொந்தளிப்பின் வலிமையைக் குறிக்கும் ஆல்பாவை 0.001 என்று வைத்தால் பரவல் கெழு, வா.அ. × மீ/வி அலகில், 1.7. ஆனால் 300 செல் கட்டத்தில் கணக்குமுறையே உண்டாக்கும் பொய்ப் பரவலும் 1.4 வரை வருகிறது! வளையத்தின் அகலம் இயற்பியலா, கட்டத்தின் கைவேலையா என்று பிரிக்க முடியாது. 1200 செல்லில் பொய்ப் பரவல் 0.35 ஆகும். விலை: உள்விளிம்பில் காலப்படி 16 மடங்கு சுருங்கி 2 ஆண்டாகிவிடும். பரவலை மட்டும் உள்ளார்ந்த (implicit) முறையில், அதாவது அடுத்த காலப்படியின் மதிப்புகளை வைத்தே, தீர்த்தால் இந்தக் கட்டுப்பாடு போய்விடும்.

வட்டின் நடுத்தளத்தில் தூசு, வாயு விகிதம் 1-ஐ நெருங்கினால் ஓட்டத்தை நிறுத்தவும். அதற்குமேல் தூசு வாயுவைத் திருப்பித் தள்ளும். இந்த நிரலில் அது இல்லை.