கீழ் வீட்டு டிரம் மெஷின்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குக் குடிவருகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். பச்சையா நீலமா என்று யாராவது கேட்டால் அது கால்பந்துச் சண்டை, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். என்ன பாட்டு கேட்பாய் என்று கேட்டால் மட்டும் நில்லுங்கள்.

நான் வந்து இறங்கியது 2021 ஜனவரி. ஊரடங்கு. நாலரை மணிக்குள் இருட்டிவிடும். டெனிஸ்டன் பகுதியில் செம்மணற்கல்லால் கட்டிய பழைய குடியிருப்பில் வீடு; ஆபீஸ் வேலையெல்லாம் சமையலறை மேஜையில்தான். இந்த ஊர்ப் பழைய சமையலறைகளில் துணி உலர்த்த மரச்சட்டம் ஒன்று கூரையிலிருந்து தொங்கும், கயிற்றை இழுத்து ஏற்றி இறக்கலாம். சாயங்காலமானால் என் சட்டத்தின் கயிறு லேசாக அதிரும். கீழ் வீட்டுக்காரர் டிரம் மெஷினை, அதாவது தானாகத் தாளம் போடும் கருவியை, ஓடவிட்டு, அதன் மேல் கிட்டார் வாசிப்பார். ஐம்பது வயது இருக்கும், தபால் வேலை. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தச் சத்தம் வராத நாளில் மனிதருக்கு என்ன ஆச்சோ என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரியில் மாடிப்படியில் மாஸ்க்கோடு நின்று பேசியபோது, "இந்த வாரம் ஒரு ஆல்பம் வாங்கு, எங்க ஊர்ப் பசங்க, முதலிடம் வர வாய்ப்பு இருக்கு" என்றார். கட்சிக்கு ஓட்டுக் கேட்பதுபோல் இருந்தது. பசங்க என்றது மொக்வாய் இசைக்குழுவை. 1995இல் தொடங்கிய குழு. பசங்களுக்கு அப்போதே நாற்பது தாண்டியிருந்தது. 'அஸ் த லவ் கன்டினியூஸ்' அவர்களுடைய பத்தாவது ஆல்பம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. ராக் ஆக்‌ஷன் என்ற சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். தொற்றுக்காலம் என்பதால் தயாரிப்பாளர் டேவ் ஃபிரிட்மன் அமெரிக்காவில் உட்கார்ந்து, இங்கிலாந்தில் வாசித்துக்கொண்டிருந்தவர்களைத் திரையில் பார்த்தபடி பதிவை நடத்தியிருக்கிறார். பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. அவர்களுக்கு முதல் தடவை. அன்று கீழ் வீட்டில் டிரம் மெஷின் நள்ளிரவு வரை ஓடியது, யாரும் புகார் சொல்லவில்லை.

நானும் வாங்கினேன். உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு பாட்டுக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். பாட்டு என்றால் எனக்கு வரிகள். வாலியோ வைரமுத்துவோ இல்லாமல் எப்படிப் பிடித்துக்கொள்வது? இவர்கள் பெரும்பாலும் பாடுவதே இல்லை. பாடினாலும் பல சமயம் குழுவின் பாரி பர்ன்ஸ், குரலை மின்னொலியாக மாற்றும் வோகோடர் வழியாகப் பாடுவார், குரல் இயந்திரத்தோடு கரைந்துவிடும். ஆனால் வேலை செய்துகொண்டே ஓடவிட்டபோதுதான் பிடிபட்டது. சின்தசைசர் ஒரே சுருதியில் ஊர்ந்துகொண்டிருக்கும், அடியில் டொமினிக் எய்ச்சிசனின் பேஸ் கிட்டார். நாம் அதை மறந்துபோகிற நேரம் பார்த்து கிட்டார்கள் மொத்தமாக விழும். கிட்டாரே இல்லாமல் முழுக்க எலக்ட்ரானிக்காகப் போகும் துண்டுகள் எனக்கு இன்றும் சுமார்தான். இரண்டும் மோதும் இடத்துக்காகத்தான் கேட்கிறேன்.

இந்தக் கலவை ஏன் இங்கே இத்தனை இயல்பாக வந்தது என்று கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஊர் சின்னது என்றார். டெக்னோ என்ற எலக்ட்ரானிக் நடன இசைக்குப் பேர்போன சப் கிளப் என்ற நடன விடுதியும், கிட்டார் குழுக்கள் வாசிக்கும் மதுக்கடை அடித்தளங்களும் நடந்துபோகும் தூரத்தில்தான். 1997 முதல் 2010 வரை ஞாயிறு இரவுகளில் சப் கிளப்பில் 'ஆப்டிமோ' என்று ஒரு நடன நிகழ்ச்சி நடந்தது. டெக்னோவுக்கு நடுவே பங்க் ராக்கைப் போடுவார்களாம், அதற்கும் ஆடுவார்களாம். திங்கட்கிழமை தபால் போட்ட அழகைப் பற்றி மட்டும் கேட்காதே என்றார். ஃபால்கர்க் ஊர்க்காரர்களான அராப் ஸ்ட்ராப் குழுவையும் அவர்தான் அறிமுகம் செய்தார். டிரம் மெஷின், கிட்டார், அதன் மேல் பாதி பேச்சாக ஓடும் குடிகாரக் கதைகள். அந்த உச்சரிப்பு பிடிபட்ட பிறகு, ஆபீஸ் மீட்டிங்குகளில் பாதியாவது விளங்கத் தொடங்கியது.

அரங்குகள் திறந்த பிறகு மொக்வாயை நேரில் பார்த்தேன். காதடைப்பான் கட்டாயம், அவர்கள் சத்தத்துக்குப் பெயர் போனவர்கள், இது விளையாட்டல்ல. கிட்டார் வாசிக்கும் ஸ்டூவர்ட் பிரெய்த்வெயிட், கிட்டார் ஒலியை மாற்ற தரையில் கிடக்கும் பெடல்களை மிதிக்கக் குனிந்தால், முன்வரிசைக்காரர்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். பர்ன்ஸ் கீபோர்டிலிருந்து எழுந்து கிட்டாரை மாட்டும்போது விலா எலும்பு தானாகத் தயாராகிறது. பாட்டுக்கு நடுவே பேச்சு கிடையாது. முடிந்ததும் "தேங்க்ஸ் வெரி மச்", அவ்வளவுதான். நம் ஊர்க் கச்சேரிகளில் தொகுப்பாளர் பேசும் நேரத்தில் இவர்கள் இரண்டு உருப்படி முடித்துவிடுவார்கள்.

கீழ் வீட்டுக்காரருக்கும் இப்போது மூன்று பேர் கொண்ட குழு இருக்கிறது. கூட்டம் அறுபது பேர் வந்தால் திருவிழா. ஸ்ட்ரீமிங்கில் வரும் காசு பஸ் டிக்கெட்டுக்கு ஆகாது. டி-ஷர்ட்டும் இசைத்தட்டும் விற்றால்தான் வேன் வாடகை தேறும். அந்த விற்பனை மேஜையில் என்னை உட்காரவைத்திருக்கிறார், ஐ.டி.காரன் கணக்குத் தப்பமாட்டான் என்ற நம்பிக்கையில். எக்ஸ்.எல் அளவு எப்போதும் முதலில் தீர்ந்துவிடுகிறது, எத்தனை முறை சொன்னாலும் மீடியத்தையே அடுக்கி அனுப்புகிறார். சம்பளம் ஒரு பியர். நான் குடிப்பதில்லை என்பதால் ஐர்ன் புரூ, இந்த ஊர் சோடா.