மருமகனின் வேட்டை உடுப்பு

போன ஓகஸ்ட்டில் அக்காவும் மருமகனும் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இரண்டு கிழமை நின்றார்கள். வந்த அடுத்த நாள் காலை, சூட்கேசைத் திறந்து உடுப்புகளை அலுமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, ஒன்றை மட்டும் எடுத்த வேகத்திலேயே திரும்பப் பெட்டிக்குள் வைத்து மேலே துவாயைப் போட்டு மூடினார். இலையும் கொப்புமாக அச்சடித்த ஒரு முழுக்கை ரீசேட். "உதை ஏனடா இஞ்ச கொண்டுவந்தனி?" என்று மட்டும் கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், கேட்டுவிட்டு யன்னல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

அவனுக்கு விளங்கவில்லை. பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கே. யுத்த காலத்தில் காலி வீதியில் இறங்கினால் எத்தனை இடத்தில் அடையாள அட்டையை நீட்டவேண்டி இருந்தது, ஒரு தமிழ்ப் பெடியனின் பையில் அப்படியொரு துணி கிடந்தால் என்ன நடந்திருக்கும் என்பதெல்லாம் அவனுக்குக் கதை. எங்களுக்கு இன்றைக்கும் அது ஆமி உடுப்புத்தான், இங்கே வீதியில் போட்டுக்கொண்டு போகிற சாமான் இல்லை. அதை ஆறுதலாக இருத்திச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வேட்டைக்கு இது சரிவருமா, மாமா?" என்றான். அதைக் கேட்கத்தான் கொண்டுவந்திருக்கிறான். நவம்பரில் வேலைத்தள நண்பர்களோடு முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போகிறானாம். இங்கே மானோ மரையோ சுட்டால் மறியல், அதற்கு 1937இலிருந்தே சட்டம் இருக்கிறது. ஒன்ராறியோவில் வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, லைசன்ஸ் எடுத்துப் போகலாம். அதெல்லாம் செய்து முடித்துவிட்டான், உடுப்புத்தான் மிச்சம்.

நான் இருபது வருடமாக ஒரு ஃபக்டரியில் துணியின் தரம் பார்க்கிறவன். துவக்கைத் தொட்டதே இல்லை. ஆனால் ஒரு பிள்ளை துணியைக் கையில் தந்து சரியா பிழையா என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவன் நின்ற அந்த இரண்டு கிழமையும், போன பிறகும் தேடித் தேடி வாசித்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளைக்கு இப்படி வந்து கேட்கலாம், அதனால் எழுதி வைக்கிறேன்.

கடையில் தொங்குகிற அந்த இலை, கொப்பு, மரப்பட்டைப் படங்கள் எல்லாம் வாங்குகிற மனிதனின் கண்ணுக்கு வரைந்தவை. இந்த அச்சுகளை விற்கிற ரியல்ட்ரீ, மொஸி ஓக் என்ற இரண்டு பெரிய பெயர்களும் 1986இல் தொடங்கின. அச்சு அவ்வளவு திறம், பட்டையைத் தடவிப் பார்க்கத் தோன்றும். மான் ஆனால் எங்களைப் போலப் பார்ப்பதில்லை. நிறம் பிரிக்க எங்கள் கண்ணில் மூன்று வகைக் கூம்புக் கலங்கள், அதற்கு இரண்டுதான், சிவப்புப் பக்கத்துக்கு உரியது கிடையாது. 1992இல் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் வெள்ளைவால் மான்களின் கண்ணுக்குள் வெவ்வேறு நிற வெளிச்சத்தை விட்டு, விழித்திரை எதற்கு எவ்வளவு மின்சைகை தருகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஒரு கூம்பு 450, 460 நனோமீற்றர் அளவில், அதாவது நீலத்தில் உச்சம், மற்றது 537இல், பச்சைப் பக்கம். அதோடு எங்கள் கண்வில்லை மறித்துவிடுகிற புற ஊதாவில் ஒரு பங்கை மானின் வில்லை உள்ளே விடுகிறது. விடியலிலும் மைமலிலும் மிஞ்சியிருக்கிற வெளிச்சத்தில் நீலம்தான் கூட, மான் வெளிக்கிடுவதும் அந்த நேரத்தில்தான். நீல ஜீன்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு மேலே எவ்வளவு விலைக்கு ஜக்கெற் போட்டாலும் பிரயோசனம் இல்லை.

சரி, அந்த ரீசேட்டைப் பேப்பர் பையில் சுற்றி ஃபக்டரிக்குக் கொண்டுபோனேன். லைட் பொக்ஸ் என்று ஒன்று எங்களிடம் இருக்கிறது, உள்ளே சாம்பல் நிறம் பூசிய பெட்டி, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்ப் என்று சுவிட்சை மாற்றி மாற்றி ஒரே துணியின் நிறத்தைப் பார்ப்போம். ஆகக் கடைசிச் சுவிட்ச் யூவி, அதாவது அந்தப் புற ஊதா. பகல் வெளிச்சத்தில் ரீசேட் அப்படியே காடு மாதிரிக் கிடந்தது. யூவியைத் தட்டினேன். இலையையும் காணோம், கொப்பையும் காணோம், நெஞ்சுப் பகுதி முழுக்க ஊதா கலந்த நீலமாக ஒளிர்ந்தது, கழுத்துப் பட்டியும் அக்குள் தையலும் இன்னும் கூட. ஒருதரமும் தோய்க்காத பச்சை நிறத் துணித் துண்டொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது கறுப்பாகவே கிடந்தது.

பிழை சாயத்தில் இல்லை, சலவைத்தூளில். வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதற்கு அதற்குள் ஒப்டிகல் பிரைட்னர் கலப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத யூவியை அது உறிஞ்சி நீல வெளிச்சமாகத் திருப்பி விடும். அம்மா பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குக் கடைசித் தண்ணீரில் நீலம் கரைத்துப் போடுவாரே, நோக்கம் அதுதான், வேலை செய்கிற விதம் வேறு. மில்லில் வெள்ளைக்கும் இளம் நிறத்துக்கும்தான் இதைப் போடுவார்கள், கடும் நிறத்துக்குத் தேவையில்லை. ஆனால் வீட்டில் தோய்க்கத் தோய்க்கப் பருத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொள்கிறது, குடித்தது லேசில் வெளியே வராது. அக்கா அதை நாலைந்து தரம் தோய்த்திருக்கிறார், மகனின் உடுப்பு மணக்கவேண்டும் என்று சொஃப்ட்னரும் விட்டு. மரத்தடியில் ஆடாமல் அசையாமல் இருந்தால்கூட மங்கல் வெளிச்சத்தில் மானுக்கு அந்த நெஞ்சுப் பகுதி தனியாக எடுபடும்.

அதனால் வேட்டைக்கென்று வாங்கும் உடுப்பை முதல் தோய்ப்பிலிருந்தே பிரைட்னரும் வாசனையும் இல்லாத தூளில் மட்டும் தோய்க்கவேண்டும். வீட்டில் சோதித்துப் பார்க்கக் கடைகளில் ஐயாயிரம் ரூபாய்த் தாளைப் பிடித்துப் பார்க்கிற அந்தச் சின்ன யூவி லைட்டே போதும், அறையை இருட்டாக்கிவிட்டு அடித்துப் பாருங்கள்.

அப்புறம் செம்மஞ்சள். இதில் மட்டும் நான் அவனோடு கடுமையாகவே கதைத்தேன். ஒன்ராறியோவில் துவக்கால் மான் வேட்டையாடுகிற காலத்தில் இடுப்புக்கு மேலே ஆகக் குறைந்தது 400 சதுர அங்குலம், அதாவது 2,580 சதுர சென்ரிமீற்றர், செம்மஞ்சள் நிறம் எல்லாப் பக்கத்தாலும் தெரியவேண்டும், தலையிலும் செம்மஞ்சள் தொப்பி வேண்டும். அவன் ஃபோனில் காட்டிய மேற்சட்டை செம்மஞ்சளுக்கு மேலே கறுப்புக் கொப்பு அச்சடித்தது. அது இந்தக் கணக்கில் சேராது. தனி நிறமாக இருக்கவேண்டும் என்பது சட்டம், சட்டத்தை விட்டாலும், நாலைந்து பேர் துவக்கோடு பற்றைக்குள் திரிகிற இடத்தில் அந்த நிறம்தான் மற்றவனுக்கு "இது மனிதன்" என்று சொல்கிறது. என் அக்காவுக்கு இருப்பது ஒரு பிள்ளை. அவன் எடுபட்டுத் தெரியவேண்டும் என்பதுதான் எனக்கு முதல்.

"மான் கண்டுபிடிச்சிடாதா?" என்று கேட்டான். இங்கேதான் துணிக்காரனாக எனக்குச் சந்தோசம். அந்தப் பளிச்சென்ற செம்மஞ்சளும் ஒளிரும் சாயம்தான், ஆனால் பிரைட்னருக்கு நேர் எதிர். நீலத்தையும் யூவியையும் விழுங்கி, மான் கிட்டத்தட்டப் பார்க்காத செம்மஞ்சள் பக்கத்தில் வெளியே விடுகிறது. எங்கள் கண்ணைக் குத்துகிற அதே துணி அதற்கு மங்கின மஞ்சள் சாம்பலாகத்தான் தெரியும். அதையும் பிரைட்னர் உள்ள தூளில் தோய்த்தால் இந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

"அப்ப கமோ எதுக்கு?" கமோ என்று அவன் சொல்வது இந்த இலை, கொப்பு அச்சு உடுப்பைத்தான். நியாயமான கேள்வி. வில்லோடு போகிறவன் மானை இருபது முப்பது மீற்றருக்குள் வரவிடவேண்டும், அவனுக்குப் பயன் உண்டு. அப்படி வாங்கினாலும் சின்ன இலைகளாக நெருக்கி அச்சடித்ததைத் தவிர்ப்பது நல்லது, கொஞ்சம் தள்ளி நின்றால் அது எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்பு உருவமாகிவிடும். பெரிய வெளிர் திட்டும் இருள் திட்டும் மாறி மாறி வந்து தோள், கை என்ற உருவக் கோட்டை உடைக்கவேண்டும். ஒப்டிஃபேட் என்ற வகையைக் கண் ஆராய்ச்சியாளர் ஜே நைட்ஸை வைத்து மானின் பார்வைக்கென்றே உருவாக்கினார்கள், அந்த ஜோர்ஜியா அளவீட்டில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் துவக்கோடு போய் மேலே செம்மஞ்சள் போடப்போகிற இவனுக்கு மண்ணிறமோ சாம்பல் பச்சையோ வெறும் நிறமே தாராளம். அந்தக் காசைத் துணியின் தரத்தில் போடு என்றேன்.

ஜக்கெற்றின் கையைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஒன்றோடு ஒன்று உரசிப் பாருங்கள். மழைக்கென்று மெழுகு மாதிரிப் படலம் ஒட்டிய துணி சரக் சரக் என்று கத்தும், மேற்பரப்பைப் பிரஷ் பண்ணிப் பஞ்சாக்கின ஃப்ளீஸ் சத்தம் போடாது, கம்பளியும் அப்படித்தான். பொக்கற்றை மூட வெல்க்ரோ வேண்டவே வேண்டாம், அமைதியான காலையில் அதை ஒருதரம் பிரித்தாலே போதும். உடம்போடு ஒட்டுகிற உள்ளுடுப்பு மெரினோ கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், ஒன்ராறியோ நவம்பரில் நடந்து போய் வியர்த்த உடம்போடு மணித்தியாலக் கணக்கில் இருந்தால் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். பொலியெஸ்டர் கெதியில் காயும், ஆனால் உடம்பு மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மானுக்குக் கண்ணை விட மூக்குப் பெரிது, காற்று உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் அடித்தால் எந்த உடுப்பும் காப்பாற்றாது. எங்கே இருப்பது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவெடு என்று சொல்லியிருக்கிறேன்.

தனிச் செம்மஞ்சள் மேற்சட்டை போன கிழமை வாங்கிவிட்டான், படம் வந்தது. இனி அக்காவின் வோஷிங் மெஷின்தான் பாக்கி, பழைய தூளும் சொஃப்ட்னரும் உள்ளே ஒட்டியிருக்கும், முதலில் வெறும் சுடுதண்ணீரில் ஒருதரம் ஓடவிடச் சொன்னேன். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் புதுச் சலவைத்தூள் பெட்டியின் முன்பக்கத்தைப் படமெடுத்து "இது சரியா?" என்று கேட்டிருக்கிறார். பின்பக்கத்தைத் திருப்பி, அந்தச் சின்ன எழுத்துத் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.