சைரந்திரி

போன வாரம் ஆனைகட்டி வழியா அட்டப்பாடி போய், முக்காலியில வனத்துறை ஜீப் ஏறி கேரளாவோட சைலண்ட் வேலி காட்டுக்குள்ள சைரந்திரி வரைக்கும். 23 கி.மீ. இடுப்பு கழண்டுருச்சு, அது வேற கதை.

அங்க இருக்கிற காட்சிக் கோபுரத்துல ஏறிப் பார்த்தா கீழே குந்திப்புழா ஆறு. அங்கேதான் 120 மெகாவாட் மின்சாரத்துக்காக அணை வந்திருக்கணும். வந்திருந்தா சுமார் 8 சதுர கி.மீ. காடு தண்ணிக்குள்ள.

தடுத்தது யாரு? பெரிய கட்சி எதுவும் இல்லீங்க. கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத்ங்கிற மக்கள் அறிவியல் இயக்கத்துல இருந்த ஆசிரியர்கள், தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், கவிஞர் சுகதகுமாரி. சும்மா 'காடு பாவம்'னு சொல்லல. கரண்டுக்கு மாற்று வழி என்னன்னு கணக்குப் போட்டு 1979-ல அறிக்கையே போட்டாங்க. கவிஞர்களை 'மரக்கவி'ன்னு கிண்டல் பண்ணாங்க. குரங்கு பெருசா மனுஷன் பெருசான்னும் கேட்டாங்க. (இந்தக் கேள்வி மட்டும் எந்த ஊர்லயும் மாறாது போல.)

அந்தக் குரங்கு சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு. நம்ம வால்பாறைப் பக்கமும் இருக்குமே, அதேதான். வெடிப்பலா காய்தான் அதுக்கு முக்கியமான சாப்பாடு. அந்த மரம் போச்சுன்னா குரங்குக்கும் கஷ்டம்தான்.

1984-ல அந்தக் காடு தேசியப் பூங்கா ஆச்சு. அடுத்த வருஷம் ராஜீவ் காந்தி வந்து திறந்து வச்சாரு.

சோலைமந்தி கண்ணுல படவே இல்ல. கூப்பிடுற சத்தம் மட்டும் ரெண்டு தடவை கேட்டுச்சு. டிரைவர் அண்ணன், "அவ்வளவுதான் சார், ஏறுங்க, மழை வருது"ன்னுட்டாரு.