மாப்பிள்ளை வராத கல்யாணம்

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஸ்கேன் செய்து வரும் பழைய படங்களுக்கு விவரக் குறிப்பு எழுதுவது வேலை. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம்தான்.

ஒருநாள் சிவப்புச் சாக்கட்டியால் வரைந்த படம் ஒன்று வந்தது. ஃப்ளெமிஷ் ஓவியர் ரூபன்ஸின் ஓவியத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் யாரோ வரைந்த பிரதி. மரீ டி மெடிசியின் திருமணம் என்று தலைப்பிலேயே இருந்தது. நடுவில் கார்டினல், ஒரு பக்கம் மணப்பெண், எதிரே தாடிக்காரர் மோதிரம் போடுகிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றி மணமகளுக்கு மோதிரம் அணிவிக்கிறார். பணிப்பையன் ஒருவன் முந்தானையைத் தாங்குகிறான்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். (முந்தானை என்று ஆங்கிலத்தில் எழுதவில்லை, மனதில் ஓடியது அதுதான்.)

மறுநாள் சரிபார்க்கும் அக்கா கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை அங்க இருந்தாராப்பா?”

இல்லை. 1600 அக்டோபர் 5 அன்று புளோரன்ஸ் பேராலயத்தில் கல்யாணம் நடந்தபோது ஹென்றி சவாய் நாட்டோடு போரில் இருந்தார். அவருக்குப் பதிலாக நின்று மோதிரம் போட்டவர் பெண்ணின் சித்தப்பா, டஸ்கனியை ஆண்ட ஃபெர்டினாண்டோ. மெடிசி குடும்பத்திடம் ஹென்றிக்குப் பெரிய கடன் இருந்தது. வரதட்சிணையும் பெரிது. அதனால் மாப்பிள்ளை வரும்வரை காத்திருக்க இரு தரப்புக்கும் மனமில்லை போலிருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் நேரில் பார்த்துக்கொண்டது டிசம்பரில், லியோனில்.

நம் பக்கத்து ஜமீன்களில் மாப்பிள்ளைக்குப் பதில் கட்டாரியை அனுப்பி வைத்த கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது ஏன் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

அதோடு விட்டாரா அக்கா? “அந்தப் பையன் கையில என்ன இருக்கு பாரு” என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். தீப்பந்தம். தலையில் ரோஜா வளையம். அவன் பணிப்பையன் இல்லை, கிரேக்கர்களின் திருமணக் கடவுள் ஹைமன். ரூபன்ஸ் அன்று மாண்டுவா பிரபுவின் பரிவாரத்தோடு அந்தத் திருமணத்துக்குப் போயிருந்தவர். நேரில் பார்த்தவர் இருபது வருடம் கழித்து வரைந்தபோது, வராத கடவுளைச் சேர்த்துக்கொண்டார், வராத ராஜாவை மட்டும் சேர்க்கவில்லை. நானோ ராஜாவை வரவழைத்துக் கடவுளை வேலைக்காரனாக்கியிருந்தேன்!

குறிப்பைத் திருத்த அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கணக்குப்படி ஆறு படம் நஷ்டம். ஆனால் அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. நான் பார்த்த பிரதியின் மூல ஓவியம், மரீயைப் பற்றி ரூபன்ஸ் வரைந்த ஒரு தொடரில் ஒன்று. அந்தத் தொடரின் 24 ஓவியங்களும் 1625-இல் பாரிஸின் லக்சம்பர்க் மாளிகையில், அவர் மகள் ஹென்ரியட்டாவின் கல்யாணத்துக்கென்று அவசரமாக மாட்டப்பட்டவை. மாப்பிள்ளை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ்.

அவரும் வரவில்லை.